மகாபொல கொழும்பு ஆக்களுக்குக் கிடைக்காதாமே?

04.05.2025, பின்னேரம் (கேள்வி)

அக்கா, ஏ.எல். ரிசல்ட் வந்துவிட்டது. கம்பஸ் கிடைக்கும் போல இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம், அப்பாவுக்குச் சின்ன சலூன். மகாபொலப் புலமைப்பரிசில் கொழும்பு ஆக்களுக்குக் கிடைக்காதாம், அப்பா சொந்தத் தொழில் என்றால் விண்ணப்பப் போமைத் திறந்தே பார்க்க மாட்டார்களாம். டியூசனில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நிரப்பி மினக்கெடுவதில் ஏதாவது பிரயோசனம் இருக்கிறதா?

04.05.2025, இரவு

இருக்கிறது. நிரப்புங்கள். கிடைக்காது என்று முடிவெடுக்கிற வேலை உங்களுடையது அல்ல. அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் “கொழும்பு ஆக்கள்” கதை எங்கிருந்து முளைத்தது என்று சொல்கிறேன், நானும் ஒரு காலம் நம்பினேன். கம்பஸுக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 5 இல் கொழும்பு இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயரமாக நிற்கிறது, வயிறு எரிகிறது, எரிகிற வயிறோடு “எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று காசையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அது அனுமதி. இது காசு. இரண்டும் வேறு.

படிப்புக்குக் கட்டணம் எப்படியும் இல்லை, அது 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா செய்துவிட்டுப் போன வேலை. மகாபொல என்பது சோற்றுக்கும் பஸ்ஸுக்கும் போட்டோகொப்பிக்கும் அரசாங்கம் தருகிற காசு. 2025 பட்ஜெட்டில் மாதம் 5000 இலிருந்து 7500 ஆக்கினார்கள். அது கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற இன்னொரு உதவித்தொகை இருக்கிறது, 4000 இலிருந்து 6500. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான், ஆகவே “மகாபொல வராது, பர்சரி மட்டும் போடுகிறேன்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

7500 பெரிய காசா என்று கேட்டால், வெள்ளவத்தையில் நான் வாங்குகிற கடையில் மரக்கறிச் சோற்றுப் பார்சல் 300. 25 பார்சல் வரும். பெப்ரவரிக்கே மூன்று நாள் உதைக்கும்.

05.05.2025

விடியப் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், நேற்று முக்கியமானதைச் சொல்லவில்லை. சொந்தத் தொழில் இருந்தால் கிடைக்காது என்பது பொய். சொந்தத் தொழில் இருந்தால் நிரூபிப்பது கஷ்டம் என்பது உண்மை. அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை அப்பாவின் சம்பளப் பட்டியலைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போய்விடும். சலூன்காரர் மகனுக்கு யார் சம்பளப் பட்டியல் கொடுப்பது, கண்ணாடியா?

எனவே ஜி.எஸ். உங்களுக்குக் கடவுள். கிராம உத்தியோகத்தர் வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும், அதன்மேல் பிரதேச செயலகத்தில் மேலொப்பம். கூடவே பள்ளிக்கூடம் போகிற தம்பி தங்கச்சிமார் ஒவ்வொருவருக்கும் அதிபரின் கடிதம். கம்பஸில் யாராவது படித்தால் அதற்கும் கடிதம். என்ன போம், எந்தத் திகதி என்பதற்குத் தெரிவானபின் வருகிற அறிவுறுத்தல்தான் வேதம், டியூசன் வாசல் அல்ல.

05.05.2025, மதியம்

பிறப்புச் சான்றிதழ் கொப்பிகளை விட்டுவிட்டேன். சகோதரர்களுடையதும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

09.05.2025

“சலூனில் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது, எதை எழுதுவது” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

நானும் கொட்டாஞ்சேனைதான். அப்பா செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை. கடை அல்ல, கடைக்குப் பின்னால் படியேறிப் போகிற பட்டறை. மாதச் சம்பளம் கிடையாது, செய்கிற நகைக்குக் கூலி. ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கினால் வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு வருவார். ஆடியிலும் மார்கழியிலும் பகலிலேயே வந்துவிடுவார், அம்மா ஒன்றும் கேட்க மாட்டா. வேலை முடிந்தால் சாரத்தை உதறிவிட்டுத்தான் வெளியே வரலாம், உதிர்கிற தூசியில் உள்ள பொன்னும் முதலாளியுடையது. அப்படியான வருமானம். மாதம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது?

2013. செவ்வாய்க்கிழமை. எங்கள் ஜி.எஸ். ஒபிஸில் இருப்பது செவ்வாயும் வியாழனும். ஒரு மேசை, பெரிய இடாப்புப் புத்தகம், வாசல் வரை லைன். எங்களுக்குப் பின்னால் அடுத்த வீட்டு மாமி, அவவுக்குப் பின்னால் அவவின் மருமகன். ஜி.எஸ். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், குரல்தான் கொஞ்சம் பெரிது. “ஐயாவுக்கு மாசம் எவ்வளவு வரும்?” என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

அப்பா தன் விரல்களைப் பார்த்தார். திராவகம் பட்டு நகத்தைச் சுற்றி மஞ்சளாக இருக்கும். பிறகு “அறுபது” என்றார்.

அறுபதாயிரம்! நல்ல மாதத்திலேயே வீட்டுக்கு நாற்பது வந்து நான் பார்த்ததில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், திரும்பவில்லை. ஜி.எஸ். எழுதினார்.

மகாபொலப் பட்டியலிலும் பர்சரிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. கவுண்டரில் “விண்ணப்பம் சரியில்லை” என்ற ஒற்றை வசனம். முறையீடு போட்டு, ஓடித் திரிந்து, இரண்டாம் வருடத்தில்தான் பர்சரி வந்தது. ஒரு வருடக் காசு மாமிக்கு முன்னால் கௌரவமாகப் போனது.

எனவே தம்பி, ஒரு கொப்பியை எடுங்கள். தையிலிருந்து மார்கழி வரை பன்னிரண்டு வரி. அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, போன வருடம் ஒவ்வொரு மாதமும் கையில் நின்றது எவ்வளவு என்று கேளுங்கள். கடை வாடகை, லைட் பில், பிளேடு, கூடமாட நிற்கிற பையனின் சம்பளம் எல்லாம் கழித்த பிறகு. கூட்டிய தொகைதான் வருட வருமானம். ஜி.எஸ்ஸிடம் போகும்போது அந்தக் கொப்பியும் கையில் இருக்கட்டும். வாயால் சொன்னால் கௌரவம் பேசும்.

10.05.2025

அப்பாவைக் குறை சொல்கிறேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓம், சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறேன், இன்றைக்குப் புதிதல்ல.

13.05.2025, வெசாக்கிற்கு அடுத்த நாள்

4 ஆம் திகதி “அரசாங்கம் தருகிற காசு” என்று எழுதினேன், அது அரைகுறை. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கியது இது. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தில் நம்பிக்கை நிதியமாக்கினார்கள். சிங்களத்தில் பொல என்றால் சந்தை. மகா பொல, பெரிய சந்தை. ஊர் ஊராகச் சந்தைக் கண்காட்சி வைத்துக் காசு சேர்த்தார்கள், அந்தப் பெயர்தான் புலமைப்பரிசிலுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்குக் கம்பஸ் பிள்ளைகளுக்கு மகாபொல என்றால் வங்கிக்கு வருகிற மெசேஜ்.

சந்தை போக, அபிவிருத்தி லொத்தர் சபையின் காசும் இந்த நிதியத்துக்கு வருகிறது. மற்றப் பங்கு ஜனாதிபதி நிதியத்துக்கு.

“அப்ப லொத்தர் வாங்கினால் என் காசு எனக்கே திரும்பி வருமா” என்று கேட்ட பகிடிக்காரருக்கு: எங்கள் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் டிக்கட் வாங்குவார். நான் சின்ன வயதிலிருந்து. ஒருநாளும் விழவில்லை. கணக்குப் போட்டால் யாரோ ஒரு பிள்ளைக்கு ஒரு தவணை மகாபொல கட்டியிருப்பார். எனக்கு மட்டும் கட்டவில்லை.

22.05.2025

ஒரு அண்ணர் வந்து ஆலோசனை சொல்லியிருக்கிறார்: “குறைச்சுப் போடுங்கோ, எல்லாரும் அப்படித்தான்.”

முதலில் ஆமாம் போட நினைத்தேன். என்னோடு படித்த ஒருத்தி வீட்டில் இரண்டு வான் ஓடியது, வீட்டு வாடகை வேறு வந்தது, முதல் பட்டியலிலேயே அவவின் பெயர். பட்டியல் ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் நின்று என் பெயரை மூன்று தரம் தேடினவள் நான். அந்தக் கோபத்தில் எழுதினால் “அரைவாசியாகப் போடு” என்றுதான் எழுதியிருப்பேன். எழுதி அழித்துவிட்டேன்.

போமின் அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, அப்பாவுடையது இருக்கிறது, ஜி.எஸ்ஸின் பெயரும் முத்திரையும் இருக்கிறது. பொய்யென்று பிடிபட்டால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள், அது வேறு பிரச்சினை. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. எத்தனை பேருக்குக் கொடுப்பது என்று எண்ணித்தான் கொடுக்கிறார்கள். வான்காரர் வீட்டுப் பிள்ளை உள்ளே போனால் வரிசையின் கடைசியில் ஒன்று வெளியே விழும். அந்த வருடம் அது நானாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் எழுதினேன், கவனியுங்கள்.

23.05.2025

பெயர்ப் பிரச்சினை. இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் தமிழ் வீடுகளில் மட்டும் இது நோய் மாதிரி.

எங்கள் அப்பா காகிதத்தில் மூன்று ஆள். பிறப்புச் சான்றிதழில் ஒருவர், அடையாள அட்டையில் ஒருவர், வாக்காளர் இடாப்பில் ஒருவர். தமிழில் ஒரே பெயர்தான். இங்கிலீஷில் எழுதின ஒவ்வொரு கிளார்க்கும் தன் காதுக்குக் கேட்டபடி ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்தார். சிங்களத்தில் எழுதினவர் முதலெழுத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனார். பிள்ளையின் சான்றிதழில் உள்ள தகப்பனும் போமில் கையெழுத்து வைத்த தகப்பனும் ஒரே ஆளா என்று கவுண்டரில் கேட்டால் சிரிக்கவும் முடியாது.

மருந்து: மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி, சமாதான நீதவானிடம் கையெழுத்து. உங்கள் தெருவிலேயே ஒரு ஜே.பி. இருப்பார், வாசலில் பலகை தொங்கும். கேட்கும்வரை காத்திராமல் முதலே செய்து பைலில் வையுங்கள்.

மொழி பற்றிக் கேட்டவருக்கு: கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள் வரும், வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவுக்குள். தமிழும் அரசகரும மொழி. தமிழில் நிரப்பிக் கொடுத்தால் வாங்க வேண்டும். “சிங்களத்தில் கொண்டு வா” என்று யாராவது சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம், “அதை எழுதித் தாங்கோ” என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

02.06.2025

சின்ன விஷயம். மாதாமாதம் வரும் என்று நம்பிப் போர்டிங் பேசாதீர்கள். வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு அல்ல. அதுவும் நினைத்த நாளில் வராது, பிறகு சேர்ந்து விழும். எனக்கு முதல்தரம் மூன்று தவணை ஒன்றாக வந்தது. போட்டோகொப்பிக் கடைக் கடனைக் கட்டினேன், தம்பிக்குச் சப்பாத்து, மிச்சத்தில் நாங்கள் நாலு பேர் காலி வீதியில் கொத்து சாப்பிட்டோம். நாலாவது ஆள் வான்காரர் மகள். அவவும் அன்றைக்குக் காசு போட்டா, சொல்லாமல் விடக்கூடாது.

11.06.2025

ஒருவர் வட்டியில்லாக் கடனை மகாபொலவோடு சேர்த்துக் கதைக்கிறார். 2017 இல் வந்த அந்தத் திட்டம் அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல், அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்கிறவர்களுக்கு. வட்டியை அரசாங்கம் பார்க்கும், முதலை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். அது கடன். இது நன்கொடை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலையும் இங்கே இழுக்க வேண்டாம், அதைப் பற்றித் தொடங்கினால் அம்மாமார் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

29.06.2025

9 ஆம் திகதி மே மாதம் எழுதியதில் பிழை இருக்கிறது. பெரிய பிழை.

இந்தத் தம்பிக்கு என் பழைய போமின் கொப்பியைக் காட்டலாம் என்று நேற்று அம்மா வீட்டுக்குப் போனேன். அலுமாரிக்கு மேல் நகைக்கடைப் பை ஒன்றில் எல்லாம் இருந்தது. கரப்பான் ஓரத்தைத் தின்றிருந்தது, மற்றபடி எழுத்து நன்றாகத் தெரிகிறது.

வருமானக் கட்டத்தில் 60,000 இல்லை. அதாவது இருந்தது, ஒரு கோட்டால் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் 27,000. வெட்டின இடத்தில் ஜி.எஸ்ஸின் சின்னக் கையெழுத்தும் திகதியும். போனில் அந்த மாதத்துக் கலண்டரை எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை.

நாங்கள் போனது செவ்வாய். அப்பா இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போயிருக்கிறார். மாமி இல்லாத நேரம் பார்த்து, நானும் இல்லாத நேரம் பார்த்து. எனக்குச் சொல்லவில்லை. போமை உறையில் போட்டுத் தந்தார், நான் திறந்து பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு ஏன் கிடைக்கவில்லை? கொப்பியின் பின்பக்கத்தில் கம்பஸிலிருந்து வந்த துண்டு குத்தியிருந்தது. ஒரு வரிக்கு நேரே சரி அடையாளம்: சகோதரரின் பாடசாலைக் கடிதம். தம்பியின் கடிதத்தில் அதிபரின் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. அந்தக் கடிதத்தை எடுத்து வந்தது நான். மத்தியானம் பள்ளிக்கூட ஒபிஸில் முத்திரை வைக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தார், காத்திருக்கப் பஞ்சிப்பட்டு வந்துவிட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருந்தும் பன்னிரண்டு வருடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டை முறையீட்டு நேரத்தில் பார்த்திருப்பேன்தானே? பார்த்திருக்க வேண்டும். “வருமானம்தான்” என்று மனதில் முடிவெடுத்த ஆளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

வான்காரர் வீட்டுக் கதையையும் சேர்த்து வாபஸ் வாங்குகிறேன். அவவால் விழுந்தவள் நான் அல்ல.

30.06.2025

“அப்பாவிடம் சொன்னீர்களா” என்று ஏழு பேர். இல்லை. அம்மா “அவரிட்ட இப்ப போய்க் கிளறாத” என்றா. அப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை, பட்டறைக்குப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை டிக்கட் நிற்கவில்லை. இலக்கத்தைப் பார்க்க முடியாததால் என்னிடம் தந்தார், நேற்று நான்தான் பார்த்தேன். விழவில்லை என்றேன். “பரவாயில்ல, யாராவது படிக்கட்டும்” என்றார். டிக்கட் காசு எங்கே போகிறது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான்தான் இங்கே பெரிதாக 13 ஆம் திகதி விளக்கம் எழுதினேன்.

08.07.2025

வேலைக்கு வருகிறேன். காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் என்னைப் போல ஊகித்துக்கொண்டு இருக்காதீர்கள். என் காலத்தில் வழி இல்லை, இப்போது இருக்கிறது: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு, தமிழிலேயே, “என் விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது” என்று ஒரு கடிதம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. கொடுத்த கடிதத்தின் கொப்பியில் “கிடைத்தது” என்று எழுதி வாங்க மறக்க வேண்டாம்.

எனக்கு மட்டும் அந்தத் துண்டிலேயே காரணம் இருந்தது. சட்டம் இருந்திருந்தாலும் பிரயோசனப்பட்டிருக்காது, அது வேறு கதை.

15.07.2025

தம்பியின் கொப்பிப் பக்கம் வந்தது, பார்த்தேன். பங்குனியில் அவ்வளவு காசு எப்படி வந்தது? புது வருடத்துக்கு முன் எல்லோரும் முடி வெட்டியதா? அப்படியென்றால் பக்கத்தில் அதையே எழுதிவிடுங்கள், ஜி.எஸ். கேட்பார். வெட்டித் திருத்தின இடத்தில் அப்பாவைச் சின்னக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். தங்கச்சியின் பள்ளிக்கூடக் கடிதத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள், முத்திரை தெரியவில்லை.

15.07.2025, இரவு

தெரிகிறது. நீல மை, மங்கல். சரி.

அப்பா வர வெட்கப்படுகிறார் என்றால் வற்புறுத்தாதீர்கள். இன்று செவ்வாய், லைன் இருந்திருக்கும். வியாழன் காலையில், ஒபிஸ் திறக்கிற நேரத்துக்கு, அவர் தனியாகப் போகட்டும். போமை மட்டும் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள்.